கட்டாயக் காப்பீடும் கடல்கடந்த குடிமக்களும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 சனவரி முதல் நாள் தொட்டு, ஒன்றிய அரபு அமீரகத்தின் வடபகுதிகளான சார்சா, அசுமான், உம்முல் குவைன், இராசல் கைமா, புசைரா ஆகிய ஐந்திலும் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. தனியார் நிறுவனங்களில் வேலை செய்வோர்க்கும், வீட்டுவேலை செய்வோர்க்கும் மருத்துவக் காப்பீடு எடுக்காவிட்டால் அவர்தம் வதிவிசைவு வழங்கப்படவோ புதுப்பிக்கப்படவோ மாட்டாது என்பது அச்சட்டம். அடிப்படைக் காப்பீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 320 திர்காம் கட்டணம். அதை வேலை தருவோரே கட்டவேண்டும். அபுதாபியில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இக்கட்டாயம் முன்னரே வந்துவிட்டது. சவூதி அரபு நாட்டிலும் குவைத்திலும் 1999-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆக, வளைகுடாவிற் பிழைக்கப்போன தமிழருள் மிகப்பெரும்பாலோர் இன்று ஏதேனும் ஒரு கட்டாயக் காப்பீட்டுக்குள் அடங்கியவர்கள்.

தமிழாசிரியனுக்குக் காப்பீட்டுச் சட்டத்தோடு என்ன வேலை என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். காப்பீடு என்பது மருந்தன்று, பணமுமன்று; சொல். ஓர் ஆவணத்தில் எழுதப்பட்ட சொற்களே காப்பீடு. அச்சொல் யார் மொழியில் இருக்கிறதோ அவர்க்கே காப்பு. ஆதலால் இது என் வேலைதான். நம் இயக்கத்தின் வேலையுந்தான்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்கிறேன். கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டவுடனே கொதித்தெழுவது நம் வழக்கம். இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற நமக்கு அது இயல்பே. ஆனால் காப்பீட்டில் கட்டாயம் தீயதன்று. 1883-இல் செருமனியில் பிசுமார்க்கு கொண்டுவந்த நோய்க்காப்பீட்டுச் சட்டமே இத்தகைய சட்டங்களுக்கு முன்னோடி. தொழிலாளி இருபங்கும் முதலாளி ஒருபங்கும் கட்டவேண்டும் என்றது அது. நலமுள்ளவன் கட்டும் பணத்தில் நோயுற்றவன் பிழைப்பதே காப்பீட்டின் உயிர்நிலை. விரும்பினோர் மட்டும் சேரலாம் என்றால் நோயாளிகள் மட்டுமே சேர்வர், பண்டாரம் வறண்டுபோகும். நம் நாட்டுத் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டமும் 1948-இல் இக்கருத்தின் மேல் எழுந்ததே. 2019 சூலை முதல் அதில் தொழிலாளி கூலியில் முக்கால் விழுக்காடும், வேலை தருவோர் மூன்றே கால் விழுக்காடும் செலுத்துகின்றனர். இவற்றுள் குறைகள் உண்டு. எனினும் ஈ.எசு.ஐ. மருத்துவமனை வாயிலில் நிற்கும் பஞ்சாலைத் தொழிலாளியைக் கேளுங்கள். அக்கட்டாயம் வேண்டாவென்று அவர் சொல்லமாட்டார்.

அப்படியானால் எங்கே இடர்ப்பாடு? ஒரு நாட்டுக் குடிமகன் தன் நாட்டை விட்டு வெளியேறி வாழும்போது இக்கட்டாயம் அவனை என்ன செய்கிறது என்பதிலேதான். உள்நாட்டில் கட்டாயம் இருபுறமும் கட்டும். நீ கட்டணம் கட்டு என்று குடிமகனைக் கட்டும். நான் மருந்து தருவேன் என்று அரசையும் கட்டும். வாக்குச்சீட்டு அவன் கையில் இருக்கிறது. கேட்க அவனுக்கு நா இருக்கிறது. வெளியே சென்றவனுக்கோ இரண்டு வாயில்கள். போகும்போது சொந்த நாட்டின் வாயிலில் ஒரு கட்டாயம். புகும்போது அயல்நாட்டின் வாயிலில் இன்னொரு கட்டாயம். இரண்டு வாயிலிலும் அவன் பேச்சுக்கு இடமில்லை.

அயல்வாயிலை முதலில் பார்ப்போம். துபாய்ச் சட்டத்தின்படி, அடிப்படைத் திட்டத்தில் ஆண்டுக்கு 1,50,000 திர்காம் வரை மருத்துவச் செலவு ஏற்கப்படும். கட்டணத்தைத் தொழிலாளியின் கூலியிற் பிடிக்கக்கூடாது. இது நல்ல சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இச்சட்டங்களுக்கு முன் வயிற்றுவலியையும் நெஞ்சுவலியையும் பொறுத்துக்கொண்டு, அறைத்தோழர் தரும் மாத்திரையில் நாள்கடத்திய தமிழர் எத்தனை பேர்! இன்று அவர்கள் கையில் ஓர் அட்டை இருக்கிறது.

ஆனால் அவ்வட்டை எதனோடு கட்டப்பட்டிருக்கிறது? வதிவிசைவோடு, நம்மவர் அக்காமா என்கிறார்களே, அதனோடு. வதிவிசைவு எதனோடு? வேலையோடு. வேலை எதனோடு? உடல் வலிவோடு. ஆக, உடல் வலிவு உள்ளவரை அட்டை உண்டு. நெடுநோய் வந்து வேலை போயிற்றென்றால் இசைவு போகும். இசைவு போனால் காப்பீடும் போகும். எதற்காகக் காப்பீடு எடுத்தார்களோ அது நிகழும்போதே காப்பீடு கழன்று விழும்படி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். வேலை தருவோரின் கொடுமை பொறுக்காமல் வெளியேறியவனுக்கு, 'ஓடிப்போனவன்' என்று முறையீடு பதியப்பட்டவனுக்கு, அவ்வட்டையும் இல்லை. அட்டை செல்லும்போதும் எல்லாம் இலவயம் அன்று. வடபகுதிகளின் புதிய திட்டத்தில், படுக்கையில் சேர்ந்து பெறும் மருத்துவத்துக்கு 20 விழுக்காடும், புறநோயாளர் மருத்துவத்துக்கு 25 விழுக்காடும், மருந்துக்கு 30 விழுக்காடும் காப்புற்றவரே தம் கையிலிருந்து கட்டவேண்டும். அதற்கு உச்சவரம்புகள் உண்டு. ஆயினும் ஆயிரம் திர்காம் கூலி பெறுபவனுக்கு அதுவும் சுமைதான்.

இனி நம் வாயிலுக்கு வருவோம். நடுவணரசின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்லவேண்டுமாயின் குடிபெயர்வோர் காப்பாளரிடம் இசைவு பெறவேண்டும். முகவர்கள் இவர்களை 'ஈ.சி.ஆர்.' என்று சொல்லுவார்கள். நமக்கு அது கிழக்குக் கடற்கரைச் சாலை; அவர்களுக்கு அது படியாதவனின் கடவுச்சீட்டு! இவ்விசைவு பெறுவோர் கட்டாயமாக ஒரு காப்பீடு எடுக்கவேண்டும் என 2003 திசம்பரில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பின்னர் பன்முறை திருத்தினார்கள். 2017-இலும் ஒரு திருத்தம். இரண்டாண்டுக்கு 275 உருபா, மூன்றாண்டுக்கு 375 உருபா, அதன்மேல் வரி. நேர்ச்சியால் (விபத்தால்) சாவோ நிலையான உறுப்பிழப்போ நேர்ந்தால் 10 இலக்கம் உருபா. மருத்துவச் செலவுக்கு ஓர் இலக்கம். வழக்குச் செலவுக்கும், பெண்களின் மகப்பேற்றுக்கும், ஊரிலுள்ள குடும்பத்தாரின் மருத்துவத்துக்கும் சிறுசிறு தொகைகள்.

கட்டணம் குறைவு, நோக்கமும் நன்று. ஆனால் அதன் பெயரைக் கேளுங்கள்: 'பிரவாசி பாரதீய பீமா யோசனா.' பீமா என்பது பாரசிகத்தினின்று இந்திக்கு வந்த சொல். காப்பீடு என்று பொருள். தஞ்சைப் பக்கத்து இளைஞன் ஒருவன் என்னிடம், 'ஐயா, வீமன் பெயரில் ஏதோ யோசனை சொல்கிறார்களாமே, அதற்கு எதற்குப் பணம் கட்டவேண்டும்?' என்று கேட்டான். சிரிப்பதற்குச் சொல்லவில்லை. பெயரே விளங்காத ஒன்றுக்குத் தன் பணத்தைக் கட்டிவிட்டு வானூர்தி ஏறுகிறான். முகவர் கேட்கும் பல கட்டணங்களுள் அதுவும் ஒன்று. அவன் கணக்கில் அது காப்பீடன்று, வாயில்வரி. அன்று கங்காணி சொன்னதைக் கேட்டு மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிய பாட்டன், தான் எதிற் கைந்நாட்டு வைத்தோம் என்றறியான். இன்று பெயரன் கையெழுத்துப் போடுகிறான். அறியாமை மட்டும் அப்படியே இருக்கிறது.

என்னிடம் படித்த இருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரே வகுப்பு, அடுத்தடுத்த இருக்கை. ஒருவர் பத்தாம் வகுப்பில் தேறினார். மற்றவர் கணக்கில் தவறினார். பின்னாளில் இருவருமே வளைகுடாவுக்குச் சாரங்கட்டும் வேலைக்குச் சென்றார்கள். இருவருக்கும் ஒரே கூலி, ஒரே வெயில். தவறியவருக்கு மட்டுமே நான் சொன்ன கட்டாயக் காப்பீடு உண்டு. தேறியவருக்கு இல்லை! பத்தாம் வகுப்புத் தேறியவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளுவான் என்பது சட்டத்தின் எண்ணம். மூன்றாண்டு அயல்நாட்டில் இருந்து மீண்டவர்க்கும் அவ்வாறே. அவரும் கட்டாயத்தினின்று நீங்கிவிடுகிறார். தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறார்கள். அதற்காக நாம் பெருமைப்படுகிறோம். அந்தத் தேர்ச்சியே அவர்களைக் காப்புப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளுகிறது என்பதை எந்த ஆசிரியரும் வகுப்பறையிற் சொல்வதில்லை. சிங்கப்பூர் அந்தப் பதினெட்டு நாட்டுப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே அங்குச் செல்லும் தமிழர்க்கும் நம் வாயிலில் எக்காப்பும் இல்லை.

தவறியவரின் கதையைக் கேளுங்கள். சவூதியில் நாற்பத்தோராம் அகவையில் ஒருநாள் இரவு தம் அறையில் உறங்கியவர் எழவில்லை. உடல் ஊர் வந்து சேர்ந்தது. நாள்கள் கழிந்தபின் அவர் மனைவியார் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் பத்து இலக்கம் என்ற எண் மட்டும் அவருக்கு விளங்கியிருந்தது. 'ஐயா, இதை வாங்க எங்கே எழுதவேண்டும்?' என்றார். நான் படித்தேன். நேர்ச்சியால் ஏற்பட்ட சாவு என்று அத்தாள் சொல்லியது. அயல்நாட்டு மருத்துவர் கொடுத்த சான்றோ இயற்கைச் சாவு என்று சொல்லியது. நாற்பத்தொன்றில் நெஞ்சடைத்துச் சாவது இயற்கையாம்! ஐம்பது பாகை வெயிலில் ஆண்டுக்கணக்காய் இரும்புக் குழாய் தூக்கியவனின் நெஞ்சு நின்றால் அது இயற்கையா, வேலையா என்று கேட்க அத்தாளில் இடமில்லை. ஓர் ஆங்கில அடைமொழி. ஒரே ஓர் அடைமொழி. அதனால் அக்குடும்பத்துக்குப் பத்து இலக்கமும் இல்லையென்றாயிற்று. அதை அந்த அம்மையாரிடம் தமிழில் எடுத்துச் சொன்னவன் நான். கணவர் உயிரோடிருந்த காலத்திலேயே யாரேனும் தமிழிற் சொல்லியிருந்தால், இயற்கைச் சாவுக்கும் பொருந்தும் வேறோர் உயிர்க்காப்பீட்டை அவர் எடுத்திருக்கக்கூடும். திங்கள்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பியவர். அதற்குச் சிறு தொகை ஒதுக்க அவரால் இயன்றிருக்கும்.

காப்பீடு என்னும் நம் சொல்லை எண்ணிப் பாருங்கள். காப்பு, ஈடு என இரண்டு சொற்கள் கூடியது. காத்தல் முன்னே நிற்கிறது. இழந்ததற்கு ஈடு கொடுத்தல் பின்னே நிற்கிறது. ஆங்கிலச் சொல்லை எழுத்துப்பெயர்த்து 'இன்சூரன்சு' என்று சொல்லிக்கொண்டிருந்த நாளில் இந்தப் பொருள்நயம் நமக்குத் தெரியவில்லை. நம் வாயிலில் விற்கும் திட்டத்தில் ஈடு பெரிது, காப்புச் சிறிது. சாவுக்குப் பத்து இலக்கம். நோய்க்கு ஓர் இலக்கம். அந்த ஓர் இலக்கம் வளைகுடா மருத்துவமனை ஒன்றின் தீவிரப் பண்டுவப் பிரிவில் எத்தனை நாளைக்கு வரும்?

பிற அரசுகள் வெளிநாட்டில் வாழும் தம் குடிமக்களை எப்படி நடத்துகின்றன என்று பார்த்தால் அங்கும் கோணல்கள் உண்டு. அமெரிக்காவில் 2010 மார்ச்சு 23-இல் கட்டாயக் காப்பீட்டுச் சட்டம் ஒப்பம் பெற்றது. 2014 சனவரியில் கட்டாயம் தொடங்கியது. காப்பீடு இல்லாதவன் ஒறுப்புத்தொகை கட்டவேண்டும். ஆனால் பன்னிரு திங்களில் 330 நாள் அயல்நாட்டில் இருந்த குடிமகனைக் காப்பீடு உடையவனாகவே கொள்வோம் என்று அச்சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2019 முதல் அவ்வொறுப்பையே சுழியாக்கிவிட்டார்கள். நல்லது. ஆயினும் அதே 2010-இல், அச்சட்டத்தின் துணைச் சட்டம் ஒன்றால், வசதியுள்ளோரின் முதலீட்டு வருவாய்மேல் 3.8 விழுக்காட்டுப் புதுவரி ஒன்றை விதித்தார்கள். அது அயல்நாட்டில் வாழும் அமெரிக்கக் குடிமக்களையும் துரத்திக்கொண்டு போகிறது. முதியோர்க்கான 'மெடிக்கேர்' மருத்துவக் காப்போ பொதுவாக அந்நாட்டு எல்லையைத் தாண்டுவதில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்று, அங்கே முப்பதாண்டு உழைத்து அதற்கான வரி கட்டிய தமிழர் ஒருவர், முதுமையில் சென்னைக்கு வந்து குடியிருந்தால், சென்னை மருத்துவமனைச் செலவுக்கு அது ஒரு காசும் தராது. செல்வநாட்டுக்கும் அதே கணக்குத்தான்: கட்டணம் எல்லை கடக்கும், காப்பு எல்லையில் நின்றுவிடும்.

நம்மவர்க்கு அந்தக் கணக்கு இன்னும் கொடிது. வளைகுடாவுக்குப் போகுமுன் உடற்றகுதி ஆய்வு உண்டு. குருதி எடுப்பர், நெஞ்சைப் படம்பிடிப்பர். நெஞ்சில் பழைய காசநோய்த் தழும்பிருந்தாலும் திருப்பியனுப்பப்பட்டோர் உண்டு. அரிசி சலிப்பதுபோல் சலித்து, நோயற்ற இளைஞரையே ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் பொருட்டுக் கட்டப்படும் காப்புக் கட்டணம் அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போகிறது. நோயற்றோர் கூட்டம் ஆதலால் செலவு குறைவு, ஊதியம் மிகுதி. இருபது ஆண்டு கழிந்தபின் என்ன நிகழ்கிறது? வெப்பத்தில் நீரின்றி உழைத்துச் சிறுநீரகம் கெட்டவன், சர்க்கரை நோயும் குருதி அழுத்தமும் முற்றியவன், இடுப்பு முறிந்தவன் ஊர் திரும்புகிறான். அங்கே கட்டிய கட்டணத்தில் ஒரு திர்காம்கூட அவனோடு வருவதில்லை. இளமை அங்கே கட்டணம். முதுமை இங்கே நோய்.

அந்நோயை யார் பார்ப்பது? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை. அல்லது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அத்திட்டத்துக்கு ஆண்டு வருவாய் வரம்பு உண்டு. 72,000 உருபாவாக இருந்ததை 2022-இல் 1,20,000 ஆக்கினார்கள். திங்களுக்குப் பத்தாயிரம் என்று கணக்கு. வளைகுடாவில் உழைப்பவன் திங்களுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் அனுப்பினால், அவன் குடும்பம் அவ்வரம்பைத் தாண்டிவிடுகிறது. மகன் அங்கே கடன் தீர்க்க உழைக்கிறான். தாய் இங்கே காப்பீட்டு அட்டைக்குத் தகுதியற்றவள் ஆகிறாள். அயல்நாட்டுக் காப்பு மகனுக்கு மட்டும். தாய்க்கு இரு நாட்டிலும் இல்லை.

நாடுகளுக்கிடையே இதற்கு வழியே இல்லையா? உண்டு. குமுகக் காப்பு உடன்பாடுகள் என்று சொல்வர். பெல்சியத்துடன் இந்திய அரசு செய்துகொண்ட உடன்பாடு 2009 செபுதம்பரில் நடைமுறைக்கு வந்தது. பின் செருமனி, சுவிட்சர்லாந்து, பிரான்சு என்று பட்டியல் நீண்டது. ஓய்வூதியத்துக்காகக் கட்டிய தொகைகளைப் பற்றியவை அவை. ஐரோப்பாவுக்குச் செல்லும் கணினிப் பணியாளர்க்கும் அலுவலர்க்கும் பயன்படுவன. இலக்கக்கணக்கானோர் வியர்வை சிந்தும் வளைகுடா நாடுகளுள் ஒன்றோடும் அத்தகைய உடன்பாடு நடைமுறையில் இல்லை. கழுத்துப்பட்டி கட்டியவனுக்கு உடன்பாடு. தலைக்கவசம் அணிந்தவனுக்கு வீமன் யோசனை!

இங்கே அரசியலமைப்பைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். ஏழாம் அட்டவணையின் முதற்பட்டியலில் 19-ஆம் உருப்படி குடிபெயர்வும் கடவுச்சீட்டும்; 47-ஆம் உருப்படி காப்பீடு. இரண்டும் தில்லிக்கு உரியவை. இரண்டாம் பட்டியலில் 6-ஆம் உருப்படி மக்கள் நலவாழ்வு, மருத்துவமனைகள், அது மாநிலத்துக்கு. அஃதாவது, தமிழனை வெளியே அனுப்பும் உரிமை தில்லிக்கு, அவன்பேரிற் காப்பீட்டை வகுக்கும் உரிமை தில்லிக்கு. நோயாளியாகத் திரும்புபவனைக் கட்டிலிற் கிடத்திப் பண்டுவம் பார்க்கும் சுமை மட்டும் தமிழ்நாட்டுக்கு. உரிமை ஓரிடம், சுமை ஓரிடம் என்று நாம் மொழிக்கும் வரிக்கும் கூறிவந்தது இங்கும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, அதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. அமீரகத்தில் 2016 முதல், வேலைக்கு எடுக்குமுன் தொழிலாளிக்குத் தரும் வேலைவாய்ப்பு மடல் பதினொரு மொழிகளில் கிடைக்கிறது. அவற்றுள் தமிழும் ஒன்று! அரபு அரசுக்குத் தெரிந்திருக்கிறது, தமிழனுக்குத் தமிழில் சொன்னால்தான் விளங்கும் என்று. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கே பணியிசைவுக்கு முன்னோடியான ஒப்புதல் மடல் ஆங்கிலத்தோடு தொழிலாளியின் தாய்மொழியிலும் தரப்படுகிறது. அவ்வரசு 2023 சூலை முதல், பணியிசைவுத் தொழிலாளர்க்கு வேலை தருவோர் எடுக்கவேண்டிய காப்பீட்டை ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தியது. முதற் பதினையாயிரத்துக்கு மேற்படும் செலவில் காற்பங்கை வேலை தருவோரே ஏற்கவேண்டும். தொழிலாளி தலையிற் கட்டக்கூடாது. சிங்கப்பூர் அரசைப் போற்றிப் பாட நான் வரவில்லை. நெருக்கடியான தங்குவிடுதிகளில் நம்மவர் பட்டபாட்டை 2020-இல் பெருந்தொற்று நாளில் உலகமே கண்டது. ஆனால் மொழியில் அவர்கள் செய்ததைத் தில்லி ஏன் செய்யவில்லை? தன் குடிமகனிடம் கட்டாயமாகப் பணம் பெறும் அரசு, அப்பணத்துக்கு என்ன தருகிறது என்பதை அவன் மொழியில் எழுதி அவன் கையில் கொடுக்கவேண்டாவா? அயலான் தமிழில் பேசுகிறான். ஆள்பவன் இந்தியிற் பெயர்வைக்கிறான்.

தமிழ்நாட்டரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறமாட்டேன். அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலேயே தோன்றியது. அயலகத் தமிழர் நலச்சட்டம் 2011-இல் இயற்றப்பட்டது. வாரியம் அமைந்து செயற்படத் தொடங்கியதோ பத்தாண்டு கழிந்த பின்னர். இப்போது உறுப்பினராய்ப் பதிவோர்க்குக் குறைந்த கட்டணத்தில் நேர்ச்சிக் காப்பீடும் உண்டு. சனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாள் என்று கொண்டாடுகிறார்கள். பந்தல் போடுகிறார்கள், பெரும்புள்ளிகள் வருகிறார்கள். சாரம் கட்டுபவன் அப்பந்தலுக்கு வருவதில்லை. அவன் வருமிடம் திருச்சி வானூர்தி நிலையம். அங்கே ஒரு மேசை, ஒரு தமிழறிந்த அலுவலர், தமிழில் அச்சிட்ட ஒரு தாள் வைத்தால் போதும். பத்தாம் வகுப்புத் தேறியவர், சிங்கப்பூர் செல்பவர் என்ற வேறுபாடின்றி, வேலைக்குப் போகும் எல்லார்க்கும் வாரியத்தின் காப்பு அங்கேயே கிடைக்கச் செய்யலாம். திரும்பிவந்தவரின் குடும்பத்துக்கு முதல் ஐந்தாண்டு வருவாய் வரம்பு பாராமல் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வழங்கலாம். இவற்றுக்குத் தில்லியின் இசைவு வேண்டியதில்லை. நம் தீர்மானத்தில் இம்மூன்றையும் சேர்த்திருக்கிறோம்.

தீர்மானம் போகிற வேகத்தில் போகட்டும். அடுத்த திங்களே புறப்படும் பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டார்க்குச் சில சொல்லுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவணரசின் அக்காப்பீட்டை எடுத்தவர்கள் முகவரிடமே ஆவணத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு படி வீட்டில் இருக்கட்டும். அங்கே வேலை தருவோர் மாறினாலும் அக்காப்பீடு செல்லும். தவணை முடிந்தால் புதுப்பிக்கவும் வழியுண்டு. நேர்ச்சி நிகழ்ந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகம் தரும் சான்றைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கவேண்டும் என்பது திட்டத்திலேயே உள்ளது. தூதரகங்களில் 2009 முதல் இந்தியர் நலநிதி ஒன்றும் இருக்கிறது. கையில் காசின்றி மருத்துவமனையிற் கிடப்பவர்க்கும், ஊர் திரும்ப வழியில்லாதவர்க்கும் அதிலிருந்து உதவி கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

பெயரெழுத்தில் மிகக் கருத்தாயிருங்கள். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, தலையெழுத்து உண்டு. கடவுச்சீட்டில் தந்தை பெயர் ஒருவிதமாயும், காப்பாவணத்தில் வேறுவிதமாயும், வங்கிக் கணக்கில் மூன்றாவது விதமாயும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அந்த ஓரெழுத்து வேறுபாட்டால் பணம் பெற அலைந்த கைம்பெண்களை நான் அறிவேன். உரிமைத் தொகை பெறுவோர் இன்னார் என்று எழுதும் இடத்தில் மனைவி பெயரை, அவர் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். திருமணத்துக்கு முன் போனவர்கள் தாய்பெயரை எழுதியிருப்பார்கள்; திருமணத்துக்குப் பின் மாற்றுங்கள்.

அக்காப்பீட்டின் கட்டளைகளையும், துபாய், வடபகுதிகள், சிங்கப்பூர் ஆகியவற்றின் காப்பீட்டு முறைகளையும் நானும் நம் கிளைத் தோழர் இருவரும் எளிய தமிழில் நான்கு பக்கமாக எழுதியுள்ளோம். நேர்ச்சிச் சாவு, இயற்கைச் சாவு என்ற வேறுபாட்டைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். அச்சுக்கூலிக்கு ஆயிரத்து நூறு உருபா குறைகிறது; கூட்டம் முடிந்ததும் பொருளாளர் உண்டியலோடு வாயிலில் நிற்பார். தம் வீட்டில் வேறு நாட்டுக் காப்பாவணம் எதுவாயினும், குவைத்தோ ஓமானோ மலேசியாவோ, வைத்திருப்பவர்கள் அதன் படியொன்றை இந்தத் திங்கள் இறுதிக்குள் என்னிடம் சேர்ப்பித்தால், அடுத்த பதிப்பில் அதையும் தமிழாக்கிச் சேர்த்துவிடுவோம்.